பொலோனியாவில் குடியேறுதல்: முகவரியில் தொடங்கும் வழி

இத்தாலியின் பொலோனியா நகரில் இறங்கி நடப்பவரின் தலைக்கு மேல் எப்போதும் ஒரு வளைவுக் கூரை இருக்கும். போர்த்திகோ எனப்படும் இந்தத் தூண் நடைகள் நகரெங்கும் சேர்த்து 62 கிலோமீட்டர் நீளமுள்ளவை. 2021இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவை தோன்றிய காரணம் இடநெருக்கடி. 1088ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் பல்கலைக்கழகத்தை நாடி மாணவர்களும், பிழைப்பை நாடி நாட்டுப்புறத்து மக்களும் வந்து சேர்ந்தபோது, வீட்டுக்காரர்கள் மேல்மாடி அறைகளைத் தெருவின் மேல் நீட்டிக் கட்டி, கீழே மரத்தூண்களால் முட்டுக் கொடுத்தார்கள். 1288இல் நகர ஆட்சி அந்தப் பழக்கத்தைச் சட்டமாக்கியது. குதிரையில் அமர்ந்தவர் தலை இடிக்காமல் கடந்துபோகும் உயரம் வேண்டும் என்றும் விதித்தது. இன்றுவரை அந்த நடையைப் பராமரிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருக்கு உரியது, நடக்கும் உரிமை ஊராருக்கு உரியது.

ஆகவே புதியவரின் முதல் கவலையான தங்குமிடம் இந்த நகரத்தின் மிகப் பழைய கவலையும் ஆகும். படிப்புக்காகவோ வேலைக்காகவோ தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே வருபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இத்தாலிய அலுவலகங்களில் பலர் சலித்துப்போவதற்குக் காரணம், எந்தத் தாளை முதலில் வாங்க வேண்டும் என்பது தெரியாமல் நடையாய் நடப்பதுதான். ஒவ்வொரு தாளும் அதற்கு முந்தைய தாளைக் கேட்கும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எழுத்தில் உள்ள ஒரு முகவரி. அதைச் சரியாகப் பெற்றவருக்கு மற்றவை மெதுவாகவேனும் வந்து சேரும்.

புறப்படும் முன்: உங்கள் பெயர்

தமிழர்களுக்கு ஊரிலேயே முடித்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோ மட்டுமே இருக்கும். சிலருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. இத்தாலியில் ஒவ்வொரு படிவமும் குடும்பப்பெயர், பெயர் என்ற இரண்டையும் தனித்தனியே கேட்கும். கோதிச்சே ஃபிஸ்காலே எனப்படும் வரி அடையாள எண்ணே இந்த இரண்டிலிருந்தும்தான் உருவாகிறது. அதன் 16 எழுத்துகளில் முதல் மூன்று குடும்பப்பெயரிலிருந்தும், அடுத்த மூன்று பெயரிலிருந்தும் எடுக்கப்படும். பிறகு பிறந்த ஆண்டு, மாதத்தைக் குறிக்கும் எழுத்து, தேதி ஆகியவை வரும். பெண்களுக்குத் தேதியுடன் 40 கூட்டப்படும். அதன்பின் பிறந்த இடத்தின் குறியீடு வரும். இந்தியாவில் பிறந்தவருக்கு அது இசட்222, இலங்கையில் பிறந்தவருக்கு இசட்209. இறுதியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து. பெயர் பிரிக்கப்படும் விதம் மாறினால் எண்ணே மாறிவிடும். பல்கலைக்கழகத்தில் ஓர் எண்ணும் வங்கியில் இன்னோர் எண்ணுமாக வாழ நேர்ந்தால் அதைத் திருத்தப் பல மாதங்கள் ஆகும்.

ஆகவே முடிந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டில் குடும்பப்பெயரை நிரப்பி வாங்குங்கள். முடியாவிட்டால், முதல் இத்தாலிய ஆவணத்தில் உங்கள் பெயர் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறதோ அதே வடிவத்தை எல்லா இடங்களிலும் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். கணவன் மனைவிக்கு வெவ்வேறு குடும்பப்பெயர் இருப்பது ஒரு குறையாகாது. இத்தாலியப் பெண்களும் திருமணத்துக்குப் பின் தங்கள் பிறந்த வீட்டுப் பெயரையே அரசு ஆவணங்களில் வைத்திருக்கிறார்கள்.

பிறப்பு, திருமணச் சான்றிதழ்களையும் பட்டச் சான்றிதழ்களையும் சான்றொப்பத்துடனும் இத்தாலிய மொழிபெயர்ப்புடனும் கொண்டுவருவது நல்லது. இங்கிருந்துகொண்டு ஊரிலிருந்து ஒரு முத்திரையை வரவழைப்பது மிகவும் கடினம். மாணவர்கள் பெற்றோரின் வருமானச் சான்றுகளையும் அவ்வாறே தயாரிக்க வேண்டும். கல்விக் கட்டணச் சலுகையும், ஏர்கோ என்ற மாநில அமைப்பு தரும் உதவித்தொகையும், வெளிநாட்டுக் குடும்பங்களுக்காகக் கணக்கிடப்படும் ஈசே பரிஃபிகாத்தோ என்ற வருமானச் சான்றைச் சார்ந்தவை. கோதிச்சே ஃபிஸ்காலே எண்ணை அஜென்சியா தெல்லே எந்த்ராத்தே என்ற வரி அலுவலகம் கட்டணமின்றித் தருகிறது.

வீடு

பொலோனியாவில் வாடகை வீடு எளிதில் கிடைக்காது. செப்டம்பரில் வந்து இறங்கி அக்டோபருக்குள் அறை பிடித்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் விடுதியிலேயே சேமிப்பைக் கரைக்கிறார்கள். கோடையின் தொடக்கத்திலேயே தேடத் தொடங்குங்கள். விளம்பரங்களில் மூன்று சொற்களைக் காண்பீர்கள்: சிங்கோலா என்றால் தனி அறை, தோப்பியா என்றால் இருவர் தங்கும் அறை, போஸ்தோ லெத்தோ என்றால் அந்த இருவர் அறையில் ஒரு கட்டில். தனி அறைக்கு மாதம் 500 யூரோவுக்கு மேல் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய மதிலின் இடத்தில் ஓடும் வட்டச்சாலைக்குள் வாழ ஆசை வரும். ஆனால் தொடர்வண்டி நிலையத்துக்கு வடக்கே உள்ள பொலோஞ்ஞீனாவும், கிழக்கே சான் தொனாத்தோவும் புதியவருக்கு ஏற்றவை என்பது என் கருத்து. பல நாட்டவர் வாழும் பகுதிகள் என்பதால் அரிசி, பருப்புக் கடைகளும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்.

நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். சாவியைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லும் வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகுங்கள். வைப்புத்தொகையாக மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

ஒப்பந்தங்களில் பல வகை உண்டு. நான்கு ஆண்டும் மேலும் நான்கு ஆண்டும் செல்வது பொதுவான ஒப்பந்தம். மூன்றும் இரண்டுமாகச் செல்வது, ஒத்துக்கொள்ளப்பட்ட வரம்புக்குள் வாடகை அமையும் ஒப்பந்தம். தற்காலிகமாகத் தங்குபவருக்கு 18 மாதம் வரையிலும், மாணவருக்கு 6 முதல் 36 மாதம் வரையிலும் தனி வகைகள் உள்ளன. எந்த வகையாயினும், கையெழுத்திட்ட 30 நாட்களுக்குள் அது வரி அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பதிவில்லாமல் தங்கினால் வாடகையைக் குறைத்துக்கொள்வதாகச் சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகையை ஏற்றுக்கொண்டவரால் தான் குடியிருக்கும் வீட்டையே தன் முகவரி என்று எந்த அலுவலகத்திலும் நிரூபிக்க முடியாது. மாதம் 50 யூரோ மிச்சமாவதற்காக இதைச் செய்யவே செய்யாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு இடம் கொடுப்பவர் 48 மணி நேரத்துக்குள் அதைக் காவல் துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அது வீட்டுக்காரரின் கடமை. அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது உங்களுக்கு நன்மை.

முதல் எட்டு வேலைநாட்கள்

மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர் நாட்டுக்குள் நுழைந்த எட்டு வேலைநாட்களுக்குள் பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ என்ற வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலை விசாவிலும் குடும்ப விசாவிலும் வருபவர்களின் வழி மாவட்ட அரசு அலுவலகமான ப்ரெஃபெத்தூராவில் உள்ள ஸ்போர்த்தெல்லோ ஊனிகோ என்ற குடியேற்றப் பிரிவில் தொடங்குகிறது. மாணவர்களின் வழி அஞ்சல் நிலையத்தில் தொடங்குகிறது. ஸ்போர்த்தெல்லோ அமிகோ என்ற பலகை உள்ள அஞ்சல் நிலையத்தில் “கிட்” என்று கேட்டால், மஞ்சள் பட்டை போட்ட ஓர் உறையைக் கட்டணமின்றித் தருவார்கள். படிவத்தைக் கறுப்பு மையால் நிரப்பி, கடவுச்சீட்டின் பக்கங்கள், விசா, சேர்க்கைக் கடிதம், பணவசதிக்கான சான்று, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றின் நகல்களை உள்ளே வைத்து, உறையை ஒட்டாமல் அதே அஞ்சல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். ஊழியர் உள்ளே பார்த்த பிறகுதான் அது மூடப்படும்.

செலவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மார்கா தா போல்லோ என்ற முத்திரைவில்லை 16 யூரோ. அதைப் புகையிலைக் கடைகளில் வாங்கலாம். ஓராண்டு அனுமதிக்கு 40 யூரோ, அட்டைக்கு 30.46 யூரோ, அஞ்சல் சேவைக்கு 30 யூரோ என மொத்தம் 116.46 யூரோ ஆகிறது. ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டு வரையிலான அனுமதியானால் 40க்குப் பதிலாக 50 யூரோ. படிவம் புரியாவிட்டால் தொழிற்சங்கங்களும் சமூக அமைப்புகளும் நடத்தும் பத்ரோனாத்தோ அலுவலகங்களுக்குப் போங்கள். குடியேறியவர்களின் படிவங்களை நாள்தோறும் நிரப்பித் தருபவர்கள் அங்கே இருக்கிறார்கள். தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு காசு கேட்கும் தரகர்கள் தேவையில்லை.

அஞ்சல் நிலையத்தில் தரும் ரசீது ஒரு சாதாரணச் சீட்டுப்போல் தோன்றும். அட்டை கையில் வரும்வரை கடவுச்சீட்டுடன் சேர்த்து அதுவே உங்கள் சட்டபூர்வமான இருப்புக்குச் சான்று. தொலைந்தால் பெரும் அலைச்சல். வாங்கிய அன்றே நகலெடுத்து வையுங்கள். க்வெஸ்தூரா எனப்படும் காவல் தலைமையகத்துக்குக் கைரேகை பதிக்கப் போக வேண்டிய நாளும் உங்களுக்குத் தெரிவிக்கப்படும். அந்த நாளைத் தவறவிடக் கூடாது. விசாக் காலம் முடிந்த நிலையில் வெறும் ரசீதுடன் ஊருக்குப் போய்வர நேர்ந்தால், வேறொரு ஷெங்கன் நாட்டில், அதாவது பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகளில் இன்னொன்றில், விமானம் மாறும் பயணச்சீட்டை வாங்காதீர்கள். இத்தாலியிலிருந்து நேரடியாகவோ, துபாய், தோஹா போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள நகரங்களின் வழியாகவோ செல்லுங்கள்.

ரெசிதென்சா

வசிப்பு அனுமதி வேறு, ரெசிதென்சா வேறு. முன்னது நாட்டில் இருக்க அரசு தரும் இசைவு. பின்னது இந்த ஊரின் குடியாக நகராட்சியின் ஏட்டில் உங்கள் பெயர் ஏறுவது. முன்னதோடு நின்றுவிடும் பலர் பின்னதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அடையாள அட்டை, பல நகராட்சிச் சலுகைகள் எல்லாம் ரெசிதென்சாவைக் கேட்கின்றன. பின்னாளில் இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தேவையான பத்து ஆண்டுகளும் இந்த ஏட்டில் இடைவெளியின்றி இருந்த காலத்தைக் கொண்டே எண்ணப்படுகின்றன. நீங்கள் விமானத்திலிருந்து இறங்கிய நாள் அந்தக் கணக்கில் சேராது.

விண்ணப்பம் கொமூனே எனப்படும் நகராட்சியின் அனாக்ராஃபே பிரிவுக்குச் செல்ல வேண்டும். வேலைக்காகவும் குடும்பத்தோடு சேரவும் வந்தவர்கள் முதல் அனுமதிக்கான ரசீதை வைத்தே விண்ணப்பிக்கலாம். மாணவர்கள் பொதுவாக அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். விண்ணப்பித்த 45 நாட்களுக்குள் நகராட்சிக் காவலர் முன்னறிவிப்பில்லாமல் வந்து, நீங்கள் அங்கேதான் குடியிருக்கிறீர்களா என்று பார்க்கலாம். வாசல் மணிப் பலகையிலும் தபால் பெட்டியிலும் உங்கள் குடும்பப்பெயர் இல்லையென்றால், அப்படி ஒருவர் அங்கே இல்லை என்று அவர் எழுதிவிட வாய்ப்புண்டு. ஆகவே குடியேறிய முதல் நாளே ஒரு சிறு தாளில் பெயரை எழுதி ஒட்டுங்கள். 45 நாட்களும் மறுப்பின்றிக் கடந்தால் பதிவு உறுதியாகிவிடுகிறது. பின்னர் அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், 60 நாட்களுக்குள் அதே வீட்டில் வசிப்பதாக மறுபடியும் அறிவிக்க வேண்டும். மறந்தால் ஏட்டிலிருந்து பெயர் நீக்கப்படக்கூடும்.

நகராட்சியின் பெரிய அலுவலக வளாகம் தொடர்வண்டி நிலையத்தின் பின்புறம், லீபெர் பாரதீசுஸ் சதுக்கத்தில் உள்ளது. 1256-57இல் இந்த நகரம் ஏறக்குறைய 6,000 அடிமைகளைப் பணம் கொடுத்து விடுவித்து, அவர்களுடைய பெயர்களை ஓர் ஏட்டில் பதிந்தது. அந்த ஏட்டின் பெயர்தான் லீபெர் பாரதீசுஸ். அந்தச் சதுக்கத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பெயர்கள் என் நினைவுக்கு வருகின்றன.

மருத்துவம்

வேலை செய்பவர்களும் குடும்ப அனுமதியில் இருப்பவர்களும் தேசிய மருத்துவச் சேவையில் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம். மாணவர்கள் விரும்பினால் ஆண்டுக்கு 700 யூரோ செலுத்திச் சேரலாம். அந்த ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதால், அக்டோபரில் சேர்ந்தாலும் முழுத்தொகையும் கட்ட வேண்டும். முதல் சில மாதங்களுக்குத் தனியார் காப்பீட்டை வைத்துக்கொண்டு ஜனவரியில் சேர்வதே சிக்கனம் என்று நினைக்கிறேன். நீடித்த நோய் உள்ளவர்கள் அப்படிக் காத்திருக்க வேண்டாம். பதிந்தவுடன் மெதிகோ தி பாசே என்ற குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறப்பு மருத்துவரைப் பார்க்கவும் பரிசோதனைகளுக்கும் பெரும்பாலும் அவருடைய சீட்டு வேண்டும். அவசரத்துக்கு 112ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத காய்ச்சலுக்கும் வலிக்கும், 2023இன் இறுதியிலிருந்து இந்த மாநிலத்தில் திறக்கப்பட்ட காவு என்ற அவசர உதவி மையங்கள் இருக்கின்றன.

வீட்டுக்குள்

நம் ஊர் மின்செருகி இங்குள்ள துளைகளில் பொருந்தாது. ஆனால் மின்னழுத்தம் 230 வோல்ட்தான் என்பதால், புவியிணைப்புள்ள நல்ல மாற்றுச்செருகி ஒன்று இருந்தால் மிக்ஸி ஓடும். பெரும்பாலான வீடுகளின் மின்னிணைப்பு 3 கிலோவாட் மட்டுமே. சலவை இயந்திரமும் மின்னடுப்பும் ஒன்றாக ஓடினால் வீடே இருளும். பழைய கட்டடங்களில், மின்சாரத்தை மீண்டும் இயக்கும் விசையுள்ள மீட்டர் கீழ்த்தளத்திலோ முற்றத்திலோ பூட்டிய பெட்டிக்குள் இருக்கலாம். அது எங்கே இருக்கிறது, திறவுகோல் யாரிடம் என்பதைப் பகல் வெளிச்சத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வெப்பமூட்டும் கருவிகளை எப்போது இயக்கலாம் என்பதையும் சட்டமே வரையறுக்கிறது. பொலோனியா இருக்கும் மண்டலத்தில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, நாளொன்றுக்கு அதிகபட்சம் 14 மணி நேரம். வீடு பார்க்கும்போதே வெப்பம் முழுக் கட்டடத்துக்கும் பொதுவானதா, வீட்டுக்குத் தனியானதா என்று கேளுங்கள். தனியானதென்றால் எரிவாயுக் கட்டணம் உங்களுடையது. குளிருக்குப் பயந்து சன்னல்களை அடைத்தே வைத்தால் சமையலின் ஆவி சுவரில் கரும்பூஞ்சையாகப் படியும். நாளுக்கு இரண்டு முறை பத்து நிமிடம் திறந்து விடுங்கள். இட்லி மாவு பனிக்காலத்தில் புளிக்காது. விளக்கை மட்டும் எரியவிட்டு அடுமனைப் பெட்டிக்குள் (ஓவன்) இரவில் வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

குப்பையைத் தரம் பிரிப்பதில் நகரம் கண்டிப்பானது. மையப் பகுதியில் தாள்களை நீலப் பையிலும் நெகிழியை மஞ்சள் பையிலும் இட்டு, குறித்த நாளில் மாலையில் வாசலில் வைக்க வேண்டும். பிரிக்க முடியாத குப்பைக்கான தொட்டியைத் திறக்கக் கார்த்தா ஸ்மெரால்தோ என்ற அட்டை வேண்டும். குப்பை வரிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது வழங்கப்படும் என்பதால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

உணவு

இறைச்சி உண்பவருக்கு இந்த ஊர் விருந்து. உண்ணாதவர் கேட்டுக் கேட்டு உண்ண வேண்டும். புகழ்பெற்ற தொர்த்தெல்லீனியின் உள்ளே பன்றியிறைச்சி இருக்கிறது. அதைவிடப் பெரிதான தொர்த்தெல்லோனிக்குள் பெரும்பாலும் ரிக்கோத்தா பாலாடையும் கீரையும் இருக்கும். ரொட்டி போன்ற பியாதீனாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்வது உண்டு. “சென்சா ஸ்த்ரூத்தோ”, அதாவது கொழுப்பு இல்லாமல், என்று கேளுங்கள். பார்மிஜானோ பாலாடைக் கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைக் கொண்டு உறையவைக்கிறார்கள் என்பதைக் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருக்க வேண்டும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரக்கூடும். “நொன் மாஞ்ஜோ நே கார்னே நே பெஷ்ஷே” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். காய்கறிக்கு ஊகோ பாஸ்ஸி தெருவின் அருகில் மெர்க்காத்தோ தெல்லே எர்பே என்ற கூரையுள்ள சந்தை இருக்கிறது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களில் சிறு கடைகள் பல மூடியிருக்கும். அக்டோபர் 4 நகரின் காவல் புனிதர் பெத்ரோனியோவின் திருநாள் என்பதால் அன்று ஊருக்கே விடுமுறை.

தெருவில்

நகர மையத்தைக் காலால் அளந்துவிடலாம். பேருந்தில் ஏறியதும் சீட்டைக் கருவியில் பதிக்க வேண்டும். பதிக்காத சீட்டு, சீட்டில்லாததற்குச் சமம். மிதிவண்டி வாங்கினால் வலுவான பூட்டு இரண்டு வாங்குங்கள். சந்தேகத்துக்கு இடமான மலிவு விலையில் தெருவில் விற்கும் வண்டியைத் தொடாதீர்கள். திருட்டுப் பொருளை வாங்குவதும் குற்றம். கார் ஓட்டுபவர்கள், மையத்தின் பல தெருக்களில் அனுமதியற்ற வண்டிகளைக் கேமராக்கள் பதிவுசெய்கின்றன என்பதையும், தண்டத்தொகை பல வாரங்கள் கழித்து வீட்டுக்கு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தை இத்தாலிய உரிமமாக மாற்றித் தரும் உடன்பாடு இல்லை. ரெசிதென்சா பெற்று ஓராண்டு கடந்தபின் இங்கேயே தேர்வெழுதித்தான் ஓட்ட முடியும்.

மொழி

பல்கலைக்கழகத்தின் ஆங்கில வகுப்புகளை நம்பி மொழியைத் தள்ளிப்போடாதீர்கள். அஞ்சல் நிலையத்திலும் நகராட்சியிலும் மருத்துவரிடமும் இத்தாலியமே வேண்டும். ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அனுமதியுடன் முதன்முறையாக நுழைபவர்கள் ஓர் ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, இரண்டு ஆண்டுகளில் 30 புள்ளிகள் சேர்க்க வேண்டும். அதற்கு ஏ2 எனப்படும் அடிப்படை நிலை மொழியறிவு தேவை. சிபியா என்ற அரசு முதியோர் கல்வி மையங்களில் இதற்கான வகுப்புகள் குறைந்த செலவில் நடக்கின்றன. படிக்க அமைதியான இடம் வேண்டுமென்றால் நெப்டியூன் சதுக்கத்தில் உள்ள சாலா போர்சா நூலகத்துக்குப் போங்கள். எவரும் உள்ளே போய் அமரலாம். கண்ணாடித் தரைக்குக் கீழே ரோமானியப் பொனோனியாவின் சுவர்கள் தெரியும்.

பாடநூலில் இல்லாத சில சொற்களும் இந்த ஊருக்கு உண்டு. குப்பையை மற்ற இத்தாலியர்கள் ஸ்பத்சாத்தூரா என்பார்கள். பொலோனியர் ரூஸ்கோ என்பார்கள். கீழ்வாசலில் மணியடித்துவிட்டு “தாம்மி இல் தீரோ” என்று ஒருவர் சொன்னால், கதவுப் பொத்தானை அழுத்தித் திற என்று பொருள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டட வேலைகளை வேடிக்கை பார்க்கும் முதியவரை உமரேல் என்பார்கள். அவர்கள் பெயரில் நகரத்தில் ஒரு சிறு சதுக்கமே இருக்கிறது. மாடிப்படியில் எதிர்ப்படும் எவருக்கும் வணக்கம் சொல்லுங்கள். காலையில் “போஞ்ஜோர்னோ”, பிற்பகல் முதலே “போனசேரா”. மூத்தவர்களிடம் “லேய்” என்ற மரியாதைச் சொல்லை விடாதீர்கள். நீங்கள், நீ என்ற வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கு இது கடினமில்லை.

தாள் வேலை இல்லாத முதல் ஞாயிற்றுக்கிழமை, சரகோத்சா வாயிலிலிருந்து சான் லூக்கா கோயிலுக்கு நடந்து போங்கள். 1674இல் கட்டத் தொடங்கிய அந்தப் போர்த்திகோ ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் நீளம் கொண்டது. மெலோஞ்செல்லோ வளைவு வரை சமதளம், அதன்பின் குன்றின் உச்சிவரை செங்குத்தான ஏற்றம். வழியெங்கும் கூரை இருப்பதால் மழைநாளிலும் போகலாம். குடை வேண்டாம், குடிநீர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.